கல்லூரி இலக்கிய விழாவில் எழுத்தாளர் அமர்வும் வாசிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கத்துக் கல்லூரிகளிலும் இலக்கிய விழா நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் தமிழ்த்துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் தலையிலும் வாசகர் வட்டத்து மாணவர்கள் பத்துப் பேர் தோளிலும் விழுகிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளும் விடைகளும் இவை. எழுத்தாளரோடு கலந்துரையாடும் அமர்வு, எழுத்தாளர் தம் படைப்பை வாசிக்கும் அமர்வு ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் முறையே வேறு.

விழாவை எந்த மாதத்தில் வைக்கலாம்?

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஒரு வாய்ப்பு, ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை இன்னொன்று. அக்டோபரில் விடுமுறைகளும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் 30 தேவர் ஜெயந்தியை ஒட்டிக் கோரிப்பாளையம் சுற்றிலும் போக்குவரத்து மாறும் என்பதால், வெளியூர் விருந்தினரை அந்த இரண்டு மூன்று நாளில் வரவழைக்க வேண்டாம். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் பழைய நிலையில் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். மார்ச்சில் வெயில், மாதிரித் தேர்வு, அதன் பின் சித்திரைத் திருவிழா.

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகக் கண்காட்சிக்குத் தேதி அறிவித்ததும் ஒரு முறை பாருங்கள். எழுத்தாளர்கள் எப்படியும் ஊருக்கு வந்திருப்பார்கள். மாலையில் அவர்களுக்கு அங்கே மேடை இருக்கும், முற்பகல் பெரும்பாலும் ஓய்வாக இருக்கும். பயணச் செலவைக் கண்காட்சிக்கு அழைத்தவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் எழுத்தாளரிடம் முதலில் கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு மேடை சிலருக்கு ஒத்துவராது.

எத்தனை நாள் முன்பு அழைக்க வேண்டும்?

90 நாள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே சீட்டு எடுக்க வேண்டுமானால் அதற்குள் கடிதம் போய், சம்மதம் வந்து, வயது, விருப்பமான படுக்கை எல்லாம் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வருபவரைப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏற்றினால் விடிவதற்கு முன்பே மதுரை வந்துவிடுவார். விடுதியில் அறையோ நண்பகல் 12 மணிக்குத்தான் என்பார்கள். முந்தின இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்யுங்கள், அல்லது 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் விடுதியாகப் பாருங்கள். ரயிலடியில் இறங்கிய அறுபது வயதுக்காரரை வரவேற்பறை நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, 11 மணி அமர்வில் உற்சாகமாகப் பேசச் சொல்வது நியாயமில்லை.

அழைப்புக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

தேதி, நேரம், இடம் மட்டும் போதாது. எந்த அமர்வு, உடன் யார் யார், நெறியாளர் யார், அவர் எவ்வளவு நேரம் பேச வேண்டும், வாசிப்பா உரையாடலா, எந்தப் புத்தகத்தை மையமாக வைத்திருக்கிறீர்கள், கேட்பவர்கள் எந்த வகுப்பு மாணவர்கள், எத்தனை பேர், மதிப்பூதியம் எவ்வளவு, அது எப்போது கிடைக்கும், பயணமும் தங்குமிடமும் யார் பொறுப்பு, வீடியோ எடுப்பீர்களா, இணையத்தில் ஏற்றுவீர்களா என்பவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தொடர்புக்கு ஒரே ஒருவருடைய எண்ணைக் கொடுங்கள். துறைத்தலைவர் ஒன்று சொல்ல, மாணவர் செயலாளர் இன்னொன்று சொல்ல, விருந்தினர் குழம்புவதுதான் பொதுவாக நடக்கிறது.

உடன் பேசுபவர் பெயரை மறைக்காதீர்கள். ஒருவரோடு ஒருவர் மேடை ஏற விரும்பாத எழுத்தாளர்கள் உண்டு, அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. மேடைக்கு வந்த பிறகு தெரிந்தால் அமர்வு இறுகிப்போகும்.

மதிப்பூதியத்தைக் கேட்கவும் கூச்சம், சொல்லவும் கூச்சம். என்ன செய்வது?

தொகையை நீங்களே முதலில் சொல்லுங்கள். ‘உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று எழுத்தாளர் சொல்லும்படி விடக் கூடாது. சால்வையும் கேடயமும் மதிப்பூதியத்துக்கு ஈடாகா. கேடயத்தை ரயிலில் தூக்கிக்கொண்டு போவதே சிரமம். அந்தப் பணத்தைக் கவரில் சேருங்கள். நினைவாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மடித்துப் பையில் வைக்கக்கூடிய ஒரு சுங்குடித் துணி போதும்.

வங்கி வழியே அனுப்புவதானால் பான் எண்ணும் கணக்கு விவரமும் முன்கூட்டியே வாங்கி, கல்லூரிக் கணக்குப் பிரிவில் வரிப்பிடித்தம் உண்டா என்று கேட்டு, பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையைச் சொல்லுங்கள். ரொக்கமானால் வவுச்சரைத் தயாராக வையுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். கையெழுத்தைத் தனி அறையில் வாங்குங்கள், மேடைப் படிக்கட்டில் வேண்டாம்.

மேடையில் எத்தனை பேர்?

எழுத்தாளர் இருவர் அல்லது மூவர், நெறியாளர் ஒருவர். ஐந்து பேரை உட்கார வைத்தால் 60 நிமிட அமர்வில் ஆளுக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும். அதில் யாரும் ஒரு கருத்தைத் தொடங்கி முடிக்க முடியாது. ஐவருக்கும் மறுக்க முடியாத நிலை என்றால் இரண்டு அமர்வாகப் பிரித்துவிடுங்கள்.

மூவரையும் இணைப்பது எது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். ‘இன்றைய தமிழ் இலக்கியம்’ என்ற தலைப்பில் எதையும் பேசலாம், அதனால் எதுவும் பேசப்படாது. ‘ஊரை விட்டு வந்தவர்கள் ஊரை எழுதுவது’, ‘கதைக்குள் வரும் வட்டார வழக்கை அச்சில் எப்படி எழுதுவது’ என்றால் மூவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும், ஒருவரை ஒருவர் மறுக்கவும் இடம் இருக்கும்.

60 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

அறிமுகம் 4 நிமிடம், ஒவ்வொருவரும் ஒரு பக்கம் வாசிக்க மொத்தம் 8, உரையாடல் 28, மாணவர் கேள்வி 15. மீதி 5 நிமிடத்தை யாருக்கும் ஒதுக்காதீர்கள். முந்தின அமர்வு எப்படியும் அதைத் தின்றுவிடும். அடுத்த அமர்வுக்கு முன் 15 நிமிட இடைவெளி கட்டாயம். மைக் மாற்ற, நாற்காலி நகர்த்த, கையெழுத்து வாங்க அவ்வளவு ஆகும்.

மதிய உணவுக்குப் பிந்தைய 2 மணி வேளையில் கனமான கலந்துரையாடலை வைக்காதீர்கள். அப்போது கவிதை வாசிப்போ கதை சொல்லலோ வைத்தால் அரங்கம் விழித்திருக்கும். மாலை 4 மணிக்கு மேல் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது. கல்லூரிப் பேருந்து கிளம்பும் நேரம் நெருங்கினால் உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் போக வேண்டிய பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்கிற மாணவிகளில் பலர் அந்தப் பேருந்தை நம்பி இருப்பவர்கள்.

வரவேற்புரை, வாழ்த்துரை, முன்னிலை, நன்றியுரை எல்லாம் வேண்டாமா?

விழாவுக்கு ஒரு முறை வேண்டும், அமர்வுக்கு அமர்வு வேண்டாம். தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. குத்துவிளக்கு, வரவேற்பு, முதல்வர் உரை எல்லாம் சேர்த்து 20 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, முதல் அமர்வுக்கு மேடையைக் காலி செய்துவிடலாம். வாழ்த்துரை கேட்கும் நிர்வாகக் குழுவினருக்கு நிறைவு விழாவில் இடம் கொடுங்கள். அங்கே அவர்கள் பேச்சு யாருடைய நேரத்தையும் எடுக்காது.

சால்வை போடுவதை அமர்வின் கடைசிக்குத் தள்ளுங்கள். தொடக்கத்தில் நான்கு பேருக்குச் சால்வை, பூங்கொத்து, புகைப்படம் என்று போனால் பத்து நிமிடம் காணாமல் போகிறது. அது போவது மாணவர் கேள்வி நேரத்திலிருந்துதான்.

மாணவர்கள் புத்தகத்தைப் படிக்காமலே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. மேடை, மைக், விருந்து எல்லாம் சரியாக இருந்தும் அமர்வு உயிரில்லாமல் போவது இந்த ஒரு காரணத்தால்தான். படித்த பத்துப் பேர் முன்வரிசையில் இருந்தால் எழுத்தாளருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அவர் பேச்சே மாறிவிடும். படிக்காத ஐந்நூறு பேர் இருந்தால் தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

ஆறு வாரத்துக்கு முன் தொடங்குங்கள். ஓர் எழுத்தாளருக்கு ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்கு எட்டுப் படி வாங்கச் சொல்லுங்கள். விழாச் செலவில் பிளெக்ஸுக்குப் போகும் பணத்தில் இது ஒரு பகுதிதான் ஆகும். ஒரு படி ஐந்து பேருக்கு, ஒருவருக்கு ஒரு வாரம். ஆறு வாரத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் படித்திருப்பார்கள். நாவல் பெரிதாக இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், அதே எழுத்தாளரின் இரண்டு சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் 40 நிமிடம், பத்துப் பேர் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு கதையைச் சத்தமாக வாசித்துப் பேசட்டும். ஆசிரியர் விளக்கவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பிடிக்கவில்லை என்று ஒரு மாணவி சொன்னால் ஏன் என்று கேளுங்கள். விழா நாளில் மிக நல்ல கேள்வி அவரிடமிருந்து வரக்கூடும்.

அறிவியல், வணிகவியல் மாணவர்களையும் இந்தக் கூட்டத்தில் சேருங்கள். பாடத்துக்கு வெளியே தானாகப் படிக்கிறவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை.

அரங்கத்தை நிரப்ப மற்றத் துறைகளுக்கு ஓ.டி. (வகுப்புக்குப் போகாவிட்டாலும் வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) கொடுத்து அழைத்து வருவது வழக்கமாக இருக்கிறதே?

வேண்டாம். வருகைப்பதிவுக்காக வந்தவர்கள் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர்கள் எழுந்து எழுந்து அதட்டுவார்கள். மேடையில் வாசிப்பவருக்கு அது தெரியும். 600 பேர் ஆடிட்டோரியத்தை விட்டுவிட்டு 120 பேர் செமினார் ஹாலுக்குப் போங்கள். நிறைந்த சிறிய அறையில் கவிதை கேட்கிற அனுபவம், பாதி காலியான பெரிய அரங்கில் வராது. ஓ.டி. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவருக்கு என்று வையுங்கள்.

புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா?

முழுப் புத்தகத்தையும் கூடாது. எழுத்தாளரை மேடைக்கு அழைத்துவிட்டு அவர் புத்தகத்தை நகல் எடுப்பது அவருக்கு வரவேண்டிய ராயல்டியைத் தடுப்பது. ஒரு கதை அல்லது நான்கைந்து கவிதை வேண்டுமென்றால் அவரிடமும் பதிப்பகத்திடமும் கேளுங்கள். விழாவுக்கு என்று சொன்னால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். வெளியான நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொது இடத்தில் வாசிக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவது வேறு, அதற்குச் சம்மதம் வேண்டும். மறைந்து 60 ஆண்டு கடந்தவர்களின் எழுத்தையும் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களையும் தாராளமாக அச்சிட்டுக் கொடுக்கலாம். நாட்டுடைமை நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன.

நெறியாளராக யாரைப் போடுவது? அவர் எப்படித் தயாராக வேண்டும்?

மேடையில் இருக்கும் மூவரின் புத்தகத்தையும் படித்தவர் யாரோ அவர். பதவியை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதுகலை மாணவி ஒருவர் படித்திருந்தால் அவரே போதும். பல நேரம் பேராசிரியரைவிட நன்றாகச் செய்வார், ஏனென்றால் தம் கருத்தைச் சொல்லும் ஆசை குறைவு.

மதுரை பட்டிமன்றத்தில் பழகிய ஊர். அதன் சாயல் நெறியாளர்களிடம் தானாக ஒட்டிக்கொள்ளும். பட்டிமன்ற நடுவர் ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் தொகுத்துச் சொல்லி, கைதட்டு வாங்கி, கடைசியில் தீர்ப்புச் சொல்வார். அது அந்தக் கலைக்கு அழகு. எழுத்தாளர் அமர்வில் தீர்ப்பும் இல்லை, அணியும் இல்லை. நெறியாளரின் மொத்தப் பேச்சு 60 நிமிடத்தில் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

அறிமுகம் ஆளுக்கு 60 விநாடி. விருதுப் பட்டியலை வாசிப்பதைவிட, அவர் எழுத்தில் எது உங்களை நிறுத்தியது என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். பெயரின் உச்சரிப்பு, முன்னெழுத்து, புனைபெயர் ஆகியவற்றை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து எடுத்த குறிப்பில் வேறொருவர் புத்தகம் கலந்திருப்பது உண்டு.

மூன்று நாளுக்கு முன் ஒவ்வொருவரோடும் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசுங்கள். எதைப் பேச ஆசை, எதைப் பேச விருப்பமில்லை என்ற இரண்டையும் கேளுங்கள். கேள்வித்தாளை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் விடையை எழுதிக்கொண்டு வந்து வாசித்துவிடுவார்கள். மூன்று திசைகளை மட்டும் சொல்லி வையுங்கள். கையில் 12 கேள்வி இருக்கட்டும், ஆறுதான் கேட்க முடியும். ‘எழுத வேண்டும் என்று எப்போது தோன்றியது’ என்ற கேள்வியை அவர் நூறு முறை கேட்டிருப்பார். ‘அம்மா பாத்திரம் கடைசி இரண்டு அத்தியாயத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அது நினைத்துச் செய்ததா?’ என்று கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

ஒருவர் நிறுத்தாமல் பேசினால்? மூச்சு வாங்கும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லி, அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து அடுத்தவரிடம் கொடுங்கள். முன்வரிசையில் ஒரு மாணவர் 10, 5, 1 என்று எழுதிய அட்டையோடு உட்கார்ந்திருக்கட்டும். அட்டையை நெறியாளருக்கு மட்டும் காட்டினால் போதும். துண்டுச்சீட்டை மேடையில் கொண்டுபோய் நீட்டுவது அவமதிப்பாகப் படும்.

எழுத்தாளர் எவ்வளவு நேரம் வாசிக்கலாம்?

தனி வாசிப்பானால் 20 நிமிடம் வரை, கலந்துரையாடலுக்கு இடையிலானால் 3 நிமிடத்துக்குள். தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் போகும். சாதாரண அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கம் இரண்டு, இரண்டரை நிமிடம். ஆகவே 20 நிமிட வாசிப்புக்கு எட்டுப் பக்கம். 12 பக்கச் சிறுகதையை முழுதாக வாசிக்க ஆசைப்பட்டால் அரைமணி ஆகும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து மனத்துக்குள் வாசித்து நேரம் பார்த்தவர்கள் மேடையில் எப்போதும் நீட்டிவிடுவார்கள்.

நாவலின் முதல் பக்கம்தான் நல்ல தேர்வு என்றில்லை. உரையாடல் இருக்கும் பகுதி, இரண்டு பாத்திரத்துக்கு மேல் வராத பகுதி, முன்கதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பகுதி என்றால் காதுக்கு நிற்கும். நீண்ட வருணனை கண்ணால் படிக்க அழகு, காதால் கேட்கும்போது நழுவிவிடும். அந்தப் பக்கங்களை 16 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு புறம் மட்டும் அச்சடித்து, எண் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் கொடுங்கள். புத்தகத்தின் சிறிய எழுத்தை மேடை விளக்கில் படிக்கத் தடுமாறுவார்கள்; தாள் திருப்பும் சத்தமும் மைக்கில் கேட்கும்.

கவிதையானால் ஆறேழுக்கு மேல் வேண்டாம். சிறிய கவிதையை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டாவது முறைதான் அரங்கம் கேட்கும். ஒவ்வொரு கவிதைக்கும் கைதட்டச் சொல்லி மாணவர்களைப் பழக்காதீர்கள், நடுவில் இருக்கும் மௌனமும் கவிதைக்குத்தான். பின்னணி இசை கண்டிப்பாக வேண்டாம்.

எழுத்தாளர் படைப்பை மாணவர் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், எழுத்தாளர் சம்மதித்தால். வட்டார வழக்கில் எழுதப்பட்ட பகுதியை அந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். கரிசல் பேச்சை அந்த மண்ணில் பிறந்தவர் வாசிக்கும்போது வரும் இழுப்பு பயிற்சியால் வராது. ‘வந்துருச்சு’ என்று அச்சிலிருப்பதை ‘வந்துவிட்டது’ என்று திருத்தி வாசிக்கும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு, பயப்படாமல் அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள். ஈழத்து எழுத்தானால் ‘கதைக்கிறது’, ‘பெடியன்’ என்பவற்றை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், கேட்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். நாடகம் போல நடிக்கவும் வேண்டாம். மூன்று முறை சத்தமாக வாசித்துப் பழகினால் போதும்.

கதையில் வசைச் சொல்லோ சாதிப் பெயரோ வந்தால்?

ஒரு வாரம் முன்பே எந்தப் பக்கம் என்று கேட்டு, நெறியாளரும் பொறுப்பாசிரியரும் படித்துவிடுங்கள். சங்கடம் என்று தோன்றினால் அப்போதே எழுத்தாளரிடம் வெளிப்படையாகப் பேசி, வேறு பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ‘அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்’ என்று மேடை ஏறும்போது காதில் சொல்வது எழுத்துக்குச் செய்யும் குறை. அந்தச் சொல் இல்லாமல் அந்தக் கதை இல்லை என்றால், நெறியாளர் முன்னுரையில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வாசிக்க விடலாம். ஒடுக்கப்பட்டவர் வாழ்வை எழுதும் கதையில் இழிசொல் வருவது அதை எதிர்ப்பதற்காக என்பது கல்லூரி மாணவருக்கு விளங்காத விஷயமல்ல. முதல்வருக்கும் முன்பே தெரிவித்துவிடுங்கள். பிறகு யாராவது புகார் சொன்னால் பொறுப்பாசிரியர் தனியாக நிற்கும்படி ஆகக் கூடாது.

மைக்கில் ஊளைச் சத்தம் வருவது ஏன்? எப்படித் தடுப்பது?

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை மைக் திரும்பப் பிடித்து, அது மீண்டும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருப்பதால் வருவது. ஸ்பீக்கர்களை மைக் வரிசைக்கு முன்னால், கேட்பவர்களை நோக்கி வையுங்கள். பேசுபவர் முதுகுக்குப் பின்னால் ஒன்றுகூட இருக்கக் கூடாது. திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை கூடக் கூட ஊளை எளிதில் வரும். ஒருவர் பேசும்போது மற்ற மூன்று மைக்கையும் மிக்சரில் (ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் கருவியில்) இறக்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். மைக் செட்காரர் ஒலியைச் சரிசெய்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது வழக்கம். அவர் மிக்சர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள், அவருக்கு டீ அங்கேயே போகட்டும்.

கையில் பிடிக்கும் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேரே வைத்தால் ‘ப்ப’, ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்கும். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும், அதை ஈடுகட்ட மிக்சரில் ஏற்றினால் ஊளை வரும். வாசிப்பவருக்குக் கைமைக் கொடுக்காதீர்கள்: ஒரு கையில் தாள், ஒரு கையில் மைக் என்றால் பக்கம் திருப்ப மூன்றாவது கை வேண்டும். அவருக்கு ஸ்டாண்டில் மைக். சட்டையில் குத்தும் மைக் நான்கு பக்கமும் ஒலியை இழுக்கும், மின்விசிறிக் காற்றையும் சேர்த்து. அறையில் ஸ்பீக்கர் ஒலிக்கும் அமர்வுக்கு அது தோதில்லை.

மிக்சரில் ‘எக்கோ’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுக் கச்சேரிக்கும் திருமண மண்டபத்துக்கும் வைத்ததை அப்படியே விட்டிருப்பார்கள். கவிதையின் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை கேட்டால் என்ன ஆகும்! முற்றிலும் அணைத்துவிடுங்கள். சோதனைக்கு ‘ஹலோ, ஒன், டூ’ போதாது. அன்றைக்கு வாசிக்கப் போகும் பக்கத்தையே ஒரு மாணவி வாசிக்க, இன்னொருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ழகரமும் ளகரமும் பிரிந்து கேட்கிறதா என்று பார்க்கட்டும். கார்ட்லெஸ் மைக்குக்குக் காலையில் புதுப் பேட்டரி, மதியம் மறுபடி புதுப் பேட்டரி. இரண்டு கார்ட்லெஸ் ஒரே அலைவரிசையில் இருந்தால் இரண்டும் கரகரக்கும், அதையும் முந்தின நாளே பாருங்கள்.

மின்தடைக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, போதாதா?

ஜெனரேட்டர் எடுக்கும் சில விநாடியில் மிக்சர் அணைந்துவிடும், டிஜிட்டல் மிக்சர் திரும்ப எழ ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். மிக்சருக்கும் கார்ட்லெஸ் ரிசீவருக்கும் மட்டும் கணினி ஆய்வகத்திலிருந்து ஒரு யூபிஎஸ் எடுத்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று முந்தின வாரமே துணைமின் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். காலையில் நிறுத்தினால் மாலைதான் வரும். நாள் முழுக்க ஜெனரேட்டர் என்றால் டீசல் செலவு தனி.

மேடையில் சோபா போடலாமா?

சோபா வேண்டாம். உட்கார்ந்தால் அமுங்கும், முதுகு சாயும், குரல் கீழே போகும், மடியில் புத்தகம் வைத்து வாசிக்க முடியாது. கைவைத்த சாதாரண நாற்காலி, இருவருக்கு ஒரு சின்ன டீப்பாய். பிறை வடிவில் போட்டு, நெறியாளரை ஒரு ஓரத்தில் உட்கார வைத்தால் மூவர் முகமும் அவருக்குத் தெரியும். தண்ணீர் குளிராமல் இருக்கட்டும். பூங்கொத்தும் பெரிய பெயர்ப் பலகையும் முகத்தை மறைக்கக் கூடாது. பேனரில் எழுத்தாளர் பெயரை அச்சுக்குப் போகும் முன் இரண்டு பேர் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஒற்றுப் பிழையோடு தம் புத்தகத் தலைப்பு பின்னால் தொங்க, எழுத்தாளர் ஒரு மணி நேரம் அதன் கீழே உட்கார நேரக் கூடாது.

கேள்வி நேரத்தில் யாரும் கேட்பதில்லை, அல்லது ஒருவரே உரையாற்றிவிடுகிறார். என்ன வழி?

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வாசகர் வட்டத்து மாணவர் மூவர் கேள்வியோடு தயாராக இருக்க வேண்டும். முதல் கேள்வி 10 விநாடிக்குள் வந்துவிட்டால் மற்றவர்களுக்குத் துணிச்சல் வரும். கேள்வி அவர்களுடையதாகவே இருக்கட்டும், ஆசிரியர் எழுதிக் கொடுத்தது என்றால் குரலிலேயே தெரிந்துவிடும். இரண்டு கார்ட்லெஸ் மைக், அரங்கின் இரு பக்கமும். மைக்கைக் கேள்வி கேட்பவர் கையில் கொடுக்காமல் தன்னார்வலரே பிடித்துக்கொண்டால் நீளுவது பாதி குறையும். எழுந்து பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காகத் துண்டுச்சீட்டுப் பெட்டி ஒன்று வையுங்கள், நெறியாளர் நான்கைந்தை வாசித்துக் கேட்கலாம். பேராசிரியர்கள் கேட்க விரும்பினால் மாணவர்கள் கேட்டு முடித்த பிறகு.

வேற்றுமொழி எழுத்தாளரை அழைத்தால்?

நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். மலையாளத்திலோ கன்னடத்திலோ மூலத்தை ஒரு நிமிடம் வாசிக்கட்டும், ஓசை கேட்கட்டும். அதன் பிறகு தமிழ் மொழிபெயர்ப்பை முழுதாக வாசியுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் அழைப்பிதழில் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் அவரையும் மேடைக்கு அழையுங்கள்.

பார்வை மாற்றுத்திறன் மாணவர்கள் எப்படிப் பங்கேற்பது?

தமிழ்த்துறைகளில் அவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள், கேள்வி கேட்பதிலும் முன்னால் நிற்பவர்கள். ஆறு வார வாசிப்பில் அவர்களுக்குப் பனுவல் ஒருங்குறியில் (யூனிகோடில்) வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃபைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் சொல்லும் மென்பொருள்) நேரடியாக வாசிக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சொல்லும். எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ ஒருங்குறிக் கோப்பு கேளுங்கள், பழைய எழுத்துரு என்றால் மாற்றிக் கொடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் மாணவர்கள் கைபேசியில் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். அரங்கில் படிக்கட்டு இல்லாத வரிசையில் இடம் ஒதுக்கி, மைக் முதலில் அங்கே போகட்டும்.

புத்தக விற்பனையும் கையெழுத்தும்?

200 பேர் அமர்வுக்கு மையப் புத்தகம் 30 படி, மற்றவை ஐந்து ஐந்து. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி பதிப்பகத்திடம் எழுத்தில் பேசி, அவர்கள் தரும் விற்பனைக் கழிவில் (கமிஷனில்) ஒரு பகுதியை மாணவர்களுக்குத் தள்ளுபடியாக விடுங்கள். மேசையை வெளியேறும் வாசலில் போடுங்கள், உள்ளே நுழையும்போது யாரும் வாங்குவதில்லை. க்யூஆர் அட்டையோடு பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையும் வேண்டும்.

வரிசையில் நிற்பவர்களிடம் ஒரு தன்னார்வலர் துண்டுத்தாளில் பெயரை எழுதி வாங்கிப் புத்தகத்துக்குள் செருகிவிடட்டும். ‘யாழினிக்கு எந்த ழ’ என்று எழுத்தாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது. புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் நோட்டில் கையெழுத்துக் கேட்டால் விரட்டாதீர்கள்.

அழைத்தவர் கடைசி நேரத்தில் வர முடியாவிட்டால்?

இருப்பவர்களோடு நடத்துங்கள். அவசரத்துக்கு உள்ளூர்ப் பேச்சாளரைப் பிடித்து அந்த நாற்காலியை நிரப்ப வேண்டாம். வராதவருடைய பக்கத்தை, தொலைபேசியில் அவர் அனுமதி பெற்று, படித்த மாணவி ஒருவர் வாசிக்கட்டும். அதைப் பற்றி மற்றவர்கள் பேசலாம். ஒரே ஒருவர்தான் விருந்தினர், அவரும் வரவில்லை என்றால் அந்த ஒரு மணி நேரத்தை ஆறு வாரமாகப் படித்த பிள்ளைகளிடம் கொடுங்கள்.

முடிந்த பிறகு என்ன வேலை இருக்கிறது?

எழுத்தாளர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாள் கேளுங்கள். மதிப்பூதியம் வங்கி வழி என்றால் ஒரு வாரத்துக்குள் போய்விட வேண்டும், அவர் நினைவூட்டும் நிலை வரக் கூடாது. விற்காத புத்தகங்களை எண்ணி, மழைக்கு நனையாமல் கட்டி, கணக்கோடு 15 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். காணொளியை ஏற்றுவதற்கு முன் அவருக்கு இணைப்பை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். கேமரா மைக்கில் பதிந்த ஒலியை விட்டுவிட்டு மிக்சரிலிருந்து நேரே எடுத்த ஒலியைச் சேர்த்தால் பிறகு கேட்பவர்களுக்கும் பயன்படும். நேரம் போதாமல் பெட்டியிலேயே தங்கிவிட்ட கேள்விச் சீட்டுகளைத் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பி வையுங்கள். பலர் பதில் எழுதுகிறார்கள். வந்தால் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.